பெட்டிக்குள் கிடந்த கேள்வி: பள்ளிப் பாலியல் கல்வியும் பால்புதுமைய மாணவர்களும்



நம் மூத்த தோழரின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் இந்த அரங்கில் கூடுகிறோம். அவர் பள்ளி ஆசிரியர். பணி ஓய்வுக்குப் பிறகும் சேரியின் சாவடித் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னவர். அவர் பெயரிலான சொற்பொழிவில் இதுவரை பஞ்சமி நிலம் பேசினோம், இடஒதுக்கீடு பேசினோம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பேசினோம். இந்த ஆண்டு பாலியல் கல்வி பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் நம் தோழர்களிலேயே சிலர், "இது நம்ம வேலையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்த உரை முழுக்க அதற்கான பதில்தான். எங்கள் பக்கத்துக் குறை ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வளரிளம் பருவம் குறித்து மூன்று நாள் வகுப்பு நடத்தினோம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்பதால், பழைய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டுக் கேள்விப் பெட்டியாக வைத்தோம். பெயர் எழுத வேண்டாம், சீட்டில் கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள் என்றோம். சீட்டுகள் குவிந்தன. மாதவிடாய் வயிற்றுவலி, முகப்பரு, கைப்பழக்கம், தூக்கத்தில் விந்து வெளியேறுவது என்று எல்லாம் எதிர்பார்த்த கேள்விகள். ஒரு சீட்டில் மட்டும் இப்படி இருந்தது: "எனக்கு பசங்களதான் புடிக்குது. நானும் பையன்தான். இது வியாதியா அண்ணா? மாத்திர இருக்கா?"

நாங்கள் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டோம். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். அன்றிரவு எங்களுக்குள் பேசியபோது, "ஏற்கெனவே சேரிப் புள்ளைங்கன்னா ஒழுக்கம் கெட்டதுங்கன்னு ஊருக்குள்ள பேசுறான். இதையும் நாம சொல்லிக் குடுத்தோம்னு வெளியே போனா படிப்பகத்தையே மூடணும்" என்றார் ஒரு தோழர். யாரும் மறுக்கவில்லை. சீட்டு எழுதியவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் ஒரு பிள்ளை எங்கள் முன்னால் உட்கார்ந்து, தன் கேள்வி எப்போது எடுக்கப்படும் என்று காத்திருந்தது என்பது மட்டும் தெரியும்.

1934இல் பாபாசாகேப் எடுத்த வழக்கு

எங்களை வெட்கப்பட வைத்தது ஒரு பழைய வழக்கு. பம்பாயில் ரகுநாத் தோண்டோ கர்வே என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றி வெளிப்படையாகப் பேசியதால் கல்லூரி வேலையை விட நேர்ந்தவர். 1927 முதல் 1953இல் இறக்கும்வரை 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழை நடத்தினார். அதன் பொருள் பாலியல் கல்வி. வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள், கர்வே பதில் எழுதுவார். கைப்பழக்கம் பற்றியும் தன்பாலீர்ப்பு பற்றியும் வந்த கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்களை ஆபாசம் என்று சொல்லி 1934இல் அரசு வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் கர்வேக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர்.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று நினைத்துப் பாருங்கள். மகாத் போராட்டம் முடிந்திருந்தது, வட்டமேசை மாநாடுகள் முடிந்திருந்தன, பூனா ஒப்பந்தம் ஏற்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. தலைக்கு மேல் வேலை இருந்த ஒரு தலைவர், ஒரு சிறு பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்காக நீதிமன்றம் ஏறினார். பாலியல் பற்றி எழுதுவதாலேயே ஓர் எழுத்து ஆபாசமாகிவிடாது என்று வாதிட்டார். மனிதர்கள் தம் வாழ்க்கையில் படும் துன்பத்தைக் கேள்வியாக்கி அனுப்பும்போது, அதற்கு அறிவுதான் பதிலாக இருக்க முடியும் என்றார். தன்பாலீர்ப்பு குறித்து ஹேவ்லாக் எல்லிஸின் ஆய்வுகளைத் துணைக்கு எடுத்துக்கொண்டு, அது சிலருக்கு இயல்பாக அமைவது, அதில் குற்றம் காண ஏதுமில்லை என்ற நிலையை எடுத்தார். வழக்கு தோற்றது. கர்வேக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள்.

ஒரு வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதும் உரிமைக்காக பாபாசாகேப் வாதாடினார். ஏறத்தாழ அதே கேள்வி எங்கள் பிஸ்கட் டின்னில் வந்து விழுந்தபோது நாங்கள் அதை மடித்துப் பைக்குள் வைத்தோம். "இது நம்ம வேலையா?" என்று கேட்ட தோழர்களுக்கு முதல் பதில் இதுதான். பாபாசாகேப் இதைத் தன் வேலை என்றே எடுத்துக்கொண்டார்.

அகமணமும் பாலியல் ஒழுங்கும்

இரண்டாவது பதில் கொஞ்சம் நீளமானது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை, சாதியின் அடிப்படை அகமணம் என்று சொன்னது. அகமணம் நிலைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சாதிக்குள்ளும் ஆண்-பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ இறந்து, ஒருவர் 'உபரி'யாக மிஞ்சினால் அவரைக் கட்டுப்படுத்த வேண்டும். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் அந்தக் கட்டுப்பாட்டின் கருவிகள் என்று அவர் விளக்கினார்.

அந்த விளக்கத்தை நம் ஊருக்கு இழுத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆணும் தன் சாதிக்குள் ஒரு பெண்ணை மணந்து, அதே சாதியில் பிள்ளை பெற வேண்டும் என்பதுதான் சாதி போடும் பாலியல் ஒழுங்கு. வேறு சாதியில் காதலிப்பவர் அந்த ஒழுங்கை உடைக்கிறார். தன் பாலினத்தவரையே விரும்புபவரும், பிறப்பில் எழுதப்பட்ட பாலினத்தை மறுப்பவரும் அதே ஒழுங்கை வேறு பக்கத்திலிருந்து உடைக்கிறார்கள். காதலித்த மகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் அதே அறையில்தான் பெண்ணை விரும்பிய மகளும் பூட்டப்படுகிறாள். இரண்டுக்கும் வீட்டார் சொல்லும் காரணம் 'குடும்ப மானம்'.

நம் பையன்கள் இந்த ஒழுங்கின் இன்னொரு முனையில் மாட்டிக்கொள்கிறார்கள். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டபோது 'நாடகக் காதல்' என்ற சொல் தமிழகம் முழுக்கப் பரப்பப்பட்டது. தலித் இளைஞனின் காதலே ஒரு சதி என்பது அதன் பொருள். 2013இல் இளவரசனையும் 2015இல் கோகுல்ராஜையும் இழந்தோம். ஆக, பாலியல் பற்றி வகுப்பறையில் நிலவும் மௌனம் எல்லோருக்கும் ஒன்றுபோல விழுவதில்லை. பள்ளி சொல்லாத இடத்தில் ஊர் சொல்கிறது, ஊர் சொல்வது சாதியின் பாடம்.

பள்ளியில் இப்போது என்ன நடக்கிறது

நம் பாடநூல்களில் இனப்பெருக்க மண்டலமும் எச்.ஐ.வி.யும் கருத்தடை முறைகளும் அறிவியல் பாடத்தில் உண்டு. பல பள்ளிகளில் ஆசிரியர் அந்தப் பக்கங்களை "வீட்ல படிச்சுக்கங்க" என்று தாண்டிவிடுகிறார். படித்தாலும் அது ஆணும் பெண்ணும் சேர்ந்து பிள்ளை பெறுவது பற்றிய பாடமாக மட்டுமே இருக்கிறது. ஈர்ப்பு, சம்மதம், உறவு, அச்சம், கேலி எதுவும் அதில் இல்லை.

இதை மாற்றும் முயற்சிகள் நடந்து தோற்றிருக்கின்றன. மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்கள் ஏற்க மறுத்தன. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. 2021இல் என்.சி.இ.ஆர்.டி., திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி உள்ளடக்குவது என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டது. கழிப்பறை, சீருடை, ஆசிரியர் பயிற்சி என்று நடைமுறைக்கு உதவும் பல செய்திகள் அதில் இருந்தன. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபம் தெரிவித்ததும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. குழந்தைகளின் உரிமைக்காக உள்ள ஆணையமே ஒரு பகுதிக் குழந்தைகளுக்கான கையேட்டை எதிர்த்தது.

இந்த மௌனத்தின் விலை என்ன? யுனெஸ்கோவும் சென்னையின் 'சகோதரன்' அமைப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடத்தின. பால்புதுமைய இளைஞர்கள் ஏறத்தாழ 400 பேரிடம் பள்ளி அனுபவத்தைக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் தாக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டவர்கள் 18 சதவீதம் மட்டுமே. ஏறத்தாழ மூன்றில் ஒருவர், படிப்பை நிறுத்தியதில் இந்தக் கொடுமைக்குப் பெரும் பங்கு உண்டு என்றார். இடைநிற்றல் என்றால் நமக்கு நன்றாகத் தெரியும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போன தலைமுறையிடம் அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இதெல்லாம் மேல்தட்டுக்காரங்க சமாச்சாரம்" என்பவர்களுக்கு இன்னோர் எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பு 'மற்றவர்' என்ற பாலினத்தில் 4.88 லட்சம் பேரைப் பதிவு செய்தது. அவர்களில் 78 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பட்டியல் சாதியினர். சுமார் 55 ஆயிரம் பேர் ஆறு வயது வரையிலான குழந்தைகள். 2007இல் 'நான், வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா தலித் திருநங்கை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் சேர்ந்த முதல் திருநங்கையான கிரேஸ் பானு தூத்துக்குடி மாவட்டத்தின் தலித் குடும்பத்தில் பிறந்தவர். மற்ற மாணவர்களோடு கலக்காதபடி தாமதமாக வந்து முன்னதாகவே கிளம்பும்படி பள்ளியில் தனக்குச் சொல்லப்பட்டதை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஒதுக்கலில் சாதி எவ்வளவு, பாலினம் எவ்வளவு என்று பிரித்து எடை போட முடியுமா? அனுபவித்த உடல் ஒன்றுதான்.

நான்கு சொற்கள்

பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் சொற்கள் தெளிவாக வேண்டும். சென்னை உயர்நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது. கேலிச் சொற்களைத் தவிர வேறு சொல்லே காதில் விழாமல் வளர்ந்த பிள்ளைக்கு, மரியாதையான ஒரு சொல் கிடைப்பதே பெரிய உதவி.

முதலாவது, உடலின் பால். பிறக்கும்போது உடலைப் பார்த்து மருத்துவர் எழுதுவது. சில குழந்தைகளின் உடல் ஆண், பெண் என்ற வழக்கமான இரண்டு வரையறைக்குள்ளும் அடங்காது. அவர்கள் ஊடுபால் கொண்டவர்கள். அவர்களைக் குழந்தைப் பருவத்திலேயே அறுவை செய்து 'சரிப்படுத்துவதை' 2019இல் மதுரைக் கிளையின் தீர்ப்பை ஏற்றுத் தமிழ்நாடு அரசு தடை செய்தது.

இரண்டாவது, பாலின அடையாளம். தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ ஒருவர் உணர்வது. அது பிறப்பில் எழுதப்பட்டதிலிருந்து வேறுபட்டால் அவர் திருநர். திருநங்கை, திருநம்பி இருவரும் இதில் வருவார்கள்.

மூன்றாவது, பாலீர்ப்பு. யார் மீது விருப்பம் வருகிறது என்பது. தன் பாலினத்தவர் மீது வந்தால் தன்பாலீர்ப்பு, இரு பாலினத்தவர் மீதும் வந்தால் இருபாலீர்ப்பு.

நான்காவது, வெளிப்பாடு. நடை, உடை, பேச்சு. மென்மையாகப் பேசும் பையன் தன்பாலீர்ப்பு உள்ளவராக இருக்க வேண்டியதில்லை, முடியைக் கத்தரித்துக்கொண்ட பெண் திருநம்பியாக இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் அடி வாங்குவது பெரும்பாலும் இந்த நான்காவதற்காகத்தான்.

நம் ஊரில் பாலினச் சிறுபான்மை என்றாலே திருநங்கையர் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். திருநம்பிகளும் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளும் கண்ணுக்கே தெரிவதில்லை. இவர்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்லும் சொல்தான் பால்புதுமையர்.

"வியாதியா?" என்ற கேள்விக்கான பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் தன் 11ஆம் பட்டியலில், திருநர் நிலையை மனநோய்ப் பிரிவிலிருந்தும் எடுத்தது. ஆனாலும் பாடநூல்கள் பின்னுக்கு வழுக்கும். 2024இல் மருத்துவப் படிப்புக்கான பாடத்திட்டத்தில் பெண் தன்பாலுறவை மறுபடி 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகே திரும்பப் பெற்றார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

2014 ஏப்ரலில் நால்சா வழக்கில் உச்சநீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையைத் திருநருக்கு ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல என்றது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைச் சட்டத்தில் பல குறைகள் உண்டு. ஆனாலும் அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றி உள்ளடக்கிய கல்வி தர வேண்டும் என்று அதன் 13ஆம் பிரிவு சொல்லியது.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது 2021 ஜூன் 7ஆம் தேதி ஆணை. வீட்டாரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதைப் பிறப்பித்தார். தனக்கு இது பற்றிப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே அவர் ஆணை எழுதினார். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்தார். பள்ளி கல்லூரிகளில் பெற்றோர்-ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்குப் புரிதல் ஏற்படுத்த வேண்டும், பாலின வேறுபாடற்ற கழிப்பறை வேண்டும் என்றார். ஒரு நீதிபதி உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியுமென்றால் ஆசிரியர்களும் நாமும் ஏன் முடியாது?

போக்சோ சட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். 2012ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் காக்கிறது. பையன்களும் திருநர் குழந்தைகளும் இதில் அடக்கம். "பையனுக்கு என்ன ஆகப்போகுது" என்பது சட்டப்படி தவறு. அதே சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் செல்லாது. அதனால் வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த நம் பையன் மீது அது பாயும். வளரிளம் பருவக் காதல்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும், கைதும் சிறையும் முதலில் வந்துவிடுகின்றன. இந்த விவரம் பதினான்கு வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றமும், பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைக் களைந்து முழுமையான பாலியல் கல்வி தர வேண்டும் என்று அறிவுறுத்தியது.

என்ன செய்யலாம்

பாடநூலில் 'பால்புதுமையர்' என்று கடைசியில் ஓர் அத்தியாயம் ஒட்டினால் போதாது. அதையும் ஆசிரியர் தாண்டிவிடுவார். வயதுக்கு ஏற்ப எல்லா இடத்திலும் சேர வேண்டும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உடல் பற்றிய சரியான பெயர்கள், நல்ல தொடுதல்-கெட்ட தொடுதல், குடும்பங்கள் பலவிதம், நடை உடையை வைத்துக் கேலி செய்யக் கூடாது என்பது. ஒன்பது, பத்தில் பருவ மாற்றங்களோடு ஈர்ப்பு பற்றியும் பாலின அடையாளம் பற்றியும். "உங்களுக்கு எதிர்பாலினத்தவர் மீது ஈர்ப்பு வரும்" என்ற வரியை, "ஈர்ப்பு வரலாம், சிலருக்கு எதிர்பாலினத்தவர் மீது, சிலருக்குத் தன் பாலினத்தவர் மீது, சிலருக்கு வராமலும் இருக்கலாம்" என்று மாற்றினால் போதும். ஒரே ஒரு வாக்கியம், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பதினொன்று, பன்னிரண்டில் சம்மதம், பால்வினை நோய்கள், ஆணுறை, எச்.ஐ.வி., சட்டங்கள்.

ஆசிரியர் பயிற்சியில் இரகசியம் காப்பது முதல் பாடமாக இருக்க வேண்டும். பிள்ளை தன்னைப் பற்றி நம்பிச் சொன்னதை ஆசிரியர் நல்லெண்ணத்தோடு வீட்டுக்குச் சொன்னாலும், அடியிலோ கட்டாயக் கல்யாணத்திலோ முடியலாம். பாலியல் குற்றம் நடந்திருந்தால் போக்சோவின்படி புகார் செய்வது கட்டாயம். பாலீர்ப்பும் பாலின அடையாளமும் குற்றமல்ல, அவற்றை யாரிடமும் புகார் செய்ய வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் பல ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை.

கேலியைக் கையாள்வது அடுத்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளுக்குத் தடை, சமூகநீதி மாணவர் படை என்று அதில் பரிந்துரைகள் உண்டு. அவற்றை நிறைவேற்றச் சொல்லிப் போராடும் நாம், அதே ஏற்பாட்டில் பாலினக் கேலியையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டுபவனும், நடையைப் பார்த்துத் திட்டுபவனும் பெரும்பாலும் ஒரே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது, ஆசிரியரே கேலி செய்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்வித் துறைக்கு 14417 என்ற உதவி எண்கள் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் இருக்க வேண்டும்.

கழிப்பறை சிறிய விஷயமாகத் தோன்றும். அடிப்பார்கள் என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைக்கு அது சிறியதல்ல. தாழ்ப்பாள் உள்ள ஒரு தனிக் கழிப்பறை எந்தப் பிள்ளைக்கும் பயன்படும். கழிப்பறை கழுவ நம் பிள்ளைகளை ஏவும் பள்ளிகளில், அந்தக் கோரிக்கையோடு சேர்த்தே இதையும் வைக்க வேண்டும்.

எதிர்ப்புகள்

"சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்பார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோ வழிகாட்டி, பாலியல் கல்வியால் உடலுறவு சீக்கிரம் தொடங்குவதில்லை என்றே சொல்கிறது. ஈர்ப்பும் பாடம் படித்து வருவதல்ல. அப்படி வருமென்றால், ஆண்-பெண் காதலை மட்டுமே காட்டும் சினிமாக்களைப் பார்த்து வளர்ந்த நாட்டில் பால்புதுமையர் ஒருவர்கூட இருந்திருக்கக் கூடாது.

"பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்பார்கள். நாங்களும் அப்படித்தான் பயந்தோம். பிறகு நூறு நாள் வேலை முடிந்து வந்த தாய்மார்களைக் கூட்டிப் பேசினோம். ஓர் ஆயா சொன்னார்: "எங்க காலத்துலயும் இருந்தாங்கப்பா. ஊர விட்டு ஓடிப்போனாங்க, இல்ல கெணத்துல விழுந்தாங்க. இப்ப பேசுறீங்க, பேசுங்க." எல்லோரும் அவரைப் போலப் பேசவில்லை. எழுந்து போனவர்களும் உண்டு. ஆனாலும் படிப்பகத்தை யாரும் மூடச் சொல்லவில்லை.

மூன்றாவது எதிர்ப்பு நமக்குள்ளேயே இருக்கிறது. ஊர் நம்மை ஒழுக்கமற்றவர்கள் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அன்றிரவு எங்களை வாயடைக்க வைத்ததும் அதுதான். நம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட்டவர்கள், நம் மார்பு மறைக்கும் உரிமைக்கே தடை போட்டவர்கள் வைத்திருக்கும் ஒழுக்க அளவுகோல் அது. அதில் நல்ல பெயர் வாங்குவதற்காக நம் வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கைவிட்டோம். வெள்ளையர் ஆட்சி 1871இல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், ஒரு பகுதியில் சில சாதிகளையும் மறு பகுதியில் திருநரையும் பதிவேட்டில் ஏற்றியது. ஒரே சட்டத்துக்குள் அடைக்கப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து ஒழுக்கம் பேசுவதில் பொருளில்லை.

இப்போது எங்கள் படிப்பகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கேள்விப் பெட்டி வைக்கும் ஒவ்வொரு முறையும், அந்தப் பழைய கேள்வியை நாங்களே ஒரு சீட்டில் எழுதிப் போட்டுவிடுகிறோம். யாரும் கேட்காவிட்டாலும் அதற்குப் பதில் சொல்லப்படும். யார் எழுதியது என்று எந்தப் பிள்ளை மீதும் சந்தேகம் விழாது. உங்கள் விடுதிகளிலும் படிப்பகங்களிலும் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். செலவு ஒரு பிஸ்கட் டின்தான்.

நாங்கள் சொல்லும் பதில் இது: "தம்பி, இது வியாதி இல்ல. அதனால மாத்திரையும் இல்ல. மாத்திடுறேன்னு எவனாவது காசு கேட்டா போகாத, சட்டப்படி அது தப்பு. உன்ன மாதிரி இன்னும் நெறைய பேர் இருக்காங்க. இப்பவே யார்கிட்டயும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சொல்லணும்னு தோணுச்சுன்னா எங்ககிட்ட வா, வெளிய போகாது. யாராவது அடிச்சாலும் வா. படிப்ப மட்டும் நிறுத்திடாத."

அன்று இதைச் சொல்ல எங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தத் தம்பி இன்று எங்காவது இருந்து இந்த உரையைப் படித்தால், தாமதமான பதிலாக இதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஜெய்பீம்.